எட்டு வோல்ட் எங்கே போனது: யோகராணி அக்காவின் நினைவாக

செய்தி வந்தபோது நான் அக்குறணையில், மின்சாரச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் நின்றிருந்தேன். வீட்டுக்கு ஒரு சுவிட்ச் வாங்க வேண்டியிருந்தது. தொலைபேசித் திரையில் சிவபாலன் அண்ணரின் பெயரைக் கண்டதும் எடுக்கக் கை வரவில்லை. அவருடைய மனைவி யோகராணி அக்கா இதய வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். எடுத்தேன். "பிள்ளை, யோகம் எங்களை விட்டுட்டுப் போட்டா" என்றார் அண்ணர். அதன் பிறகு அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

கடைக்கார ஹாஜியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மகள், ஆருக்கு என்ன?" என்று கேட்டார். "இஞ்சினியர் மிஸ்" என்றேன். அக்காவை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கையிலிருந்த சாமானை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவின் ஒரு பாதியை இழுத்து மூடினார். திரும்பி வந்து எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "சனத்துக்கு முன்னுக்கு என்னோட சண்டை புடிச்ச ஒரே ஆள் அவதான்" என்றார்.

அந்தச் சண்டையைப் பற்றி அக்காவே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு புதிய வகை வயர் மலிவாக வந்திருந்தது. அக்கா முழுச் சுருளையும் ஒரு கார் பற்றறியோடும் சிறிய விளக்கோடும் இணைத்து, ஓடிய மின்னோட்டத்தை அளந்தார். இரண்டு அம்பியர். சுருளின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தார். நான்கு வோல்ட். "நாலை ரெண்டால பிரிச்சா ரெண்டு ஓம். இந்தத் தடிப்புக்கு நூறு மீற்றரில ஒண்டு தசம் ரெண்டுதான் வரலாம். மிச்சச் செம்பு எங்க ஹாஜியார்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். ஹாஜியாருக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாளே அந்தச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினார். "அதுக்குப் பொறகு புது வயர் வந்தா, மிஸ் அளந்து பாக்காம நான் தட்டுல ஏத்துறல்ல" என்று, செய்தி வந்த அன்று, ஹாஜியார் என்னிடம் சொன்னார். சுவிட்ச் வாங்காமலே வந்துவிட்டேன்.

யோகராணி அக்காவை உங்களில் பலர் பலவிதமாக அறிவீர்கள். வடமராட்சியிலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்து, இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்ட பொறியியலாளராக, அரச வேலையில் மலையேறி இறங்கிய அதிகாரியாக, ஓய்வு பெற்ற பின் துணிப்பையில் மீற்றரோடு கோயிலுக்கும் பாடசாலைக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கும் போய் வயர்களைச் சோதித்துத் திட்டும் மனிதராக அறிந்திருப்பீர்கள். என்னுடைய பிறந்த இடமான மஹய்யாவயில் திருவிழா நேரம் அலங்கார விளக்குகளில் பாதியை அணைக்கச் சொன்னதற்காக, கோயில் தலைவரான என் பெரியப்பா அவரோடு நெடுங்காலம் பேசவில்லை. நான் கண்டியில் சட்டத்தரணி. நான் அவரை அறிந்தது ஒரு வழக்கில்.

கடுகண்ணாவையில், பிரதான வீதியோரம், ஒரு கடையின் மேல்மாடியில் சிறிய தையல் நிலையம் ஒன்று இருந்தது. சில பெண்கள் தைப்பார்கள். தைத்த உடுப்புகளை மின்னழுத்தியால் அழுத்தி மடிப்பது பரமேஸ்வரிக்கும் சித்ராவுக்கும் வேலை. இருவரும் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று வேலை செய்தவர்கள். ஒருநாள் பிற்பகல் உரிமையாளர் கூப்பிட்டாரென்று பரமேஸ்வரி கீழே போனாள். சித்ரா துணி எடுக்கப் பின்னறைக்குப் போனாள். அந்த நேரத்தில் மேசையோரச் சுவரில் தீப்பிடித்தது. அது பலகைச் சுவர். பின்னறைக்கு அந்தப் பக்கத்தால் மட்டுமே வழி. சித்ராவை வெளியே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள்.

பரமேஸ்வரி அழுத்தியைத் துணிமேல் வைத்துவிட்டுப் போனதுதான் காரணம் என்று உரிமையாளர் சொன்னார். பியூஸ் போகவில்லை, ஆகவே வயரில் பிழையில்லை என்பது பொலிஸ் அறிக்கையின் வாதம். கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாகப் பரமேஸ்வரிமீது வழக்குப் போட்டார்கள். விளக்கமறியலில் இருந்துவிட்டுப் பிணையில் வந்த அவளை அவளுடைய அண்ணன் என்னிடம் கூட்டி வந்தார். "நான் ஆஃப் பண்ணிட்டுத்தாங்க போனேன். பொலிஸ்லயும் அதத்தான் சொன்னேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் தன் அண்ணனைப் பார்த்தாள்.

மின்சாரம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று விசாரித்தபோதுதான் அக்காவின் பெயர் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் அவருடைய வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "வாறன். ஆனா உங்கட ஆளுக்காக வரேல்லை. பாக்கத்தான் வாறன்" என்றார்.

நீதவானின் அனுமதியோடு, ஒரு பொலிஸ் அதிகாரியின் முன்னிலையில், நாங்கள் அந்த மாடிக்குப் போனோம். தீ நடந்து பல வாரங்கள் ஆகியும் கரி மணம் போகவில்லை. அக்கா முதலில் எதையும் தொடவில்லை. எரிந்த பக்கத்தைப் பார்த்தார். பலகைக்குப் பின்னால் உருகிய செம்பு ஒரு மணியாகத் திரண்டு கிடந்தது. பக்கத்தில் இரட்டைச் செருகி பொருத்தும் பெட்டி கரிக்கட்டியாகி இருந்தது. அதைப் பொலிஸ் அதிகாரி பார்க்கப் பக்குவமாக உடைத்தார். உள்ளே இரண்டு சுவிட்சுகளின் பித்தளை நாக்குகளும் மூடிய நிலையிலேயே, அதாவது மின்சாரம் ஓடும் நிலையிலேயே, ஒட்டிப் போயிருந்தன. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு எரியாத எதிர்ப்பக்கத்துக்கு வந்தார். அங்கும் அதே மாதிரி ஒரு மேசை, அதே மாதிரி ஒரு இணைப்பு. உரிமையாளர் ஒரே நாளில், ஒரே ஆளைக் கொண்டு, ஒரே வயரில் இரண்டையும் போட்டதாகப் பொலிஸில் சொல்லியிருந்தார். பலகையைக் கழற்றினார்கள். விளக்குகளுக்குப் போடும் மெல்லிய வயர். நடுவில் இரண்டு துண்டுகளை முறுக்கி, மேலே கறுப்பு நாடா சுற்றியிருந்தார்கள். அந்த மூட்டு என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

கீழ்மாடியிலிருந்து மின்சாரம் எடுத்து, அதே வகை அழுத்திகள் இரண்டைச் செருகினார். வயரைச் சுற்றிக் கவ்வும் மீற்றரில் பத்து அம்பியர் காட்டியது. மின்பலகையில் இருநூற்று முப்பது வோல்ட். செருகிப் பெட்டியில் இருநூற்று இருபது. "பத்து வோல்ட் வழியில காணாமப் போட்டுது. எங்க போனது எண்டு பாப்பம்" என்றார். மீற்றரின் ஊசிகளை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு போனார். நீண்ட வயர் முழுவதிலும் இரண்டு வோல்ட். மிச்சம் எட்டும் அந்த ஒரு மூட்டில்.

எனக்குப் பௌதிகம் பாடசாலையோடு போய்விட்டது. அதைச் சொன்னேன். "உதில பெரிசா ஒண்டும் இல்லை, பிள்ளை. வோல்ட்டை அம்பியரால பிரிச்சா எவ்வளவு மறிக்குது எண்டு தெரியும். பெருக்கினா எவ்வளவு சூடு எண்டு தெரியும். எட்டைப் பத்தால பிரிச்சா, தடை புள்ளி எட்டு ஓம். நல்ல மூட்டில உது கிட்டத்தட்ட ஒண்டுமே இருக்காது. எட்டைப் பத்தால பெருக்குங்கோ."

"எண்பது" என்றேன்.

"எண்பது வாட். உந்தச் சின்ன முறுக்குக்குள்ள, பலகைக்குப் பின்னால."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு மணம் வந்தது. நாடா இளகும் மணம். பொலிஸ் அதிகாரி ஓர் அடி பின்னே போனார். நான் கையை நீட்டினேன். "தொடாதேங்கோ" என்று அக்கா சுவிட்சை அணைத்தார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஒரே ஓர் அழுத்தியை மட்டும் போட்டு மறுபடி அளந்தார். ஐந்து அம்பியர். மூட்டில் நான்கு வோல்ட். "இருபது வாட். பாதிக் கரண்ட், கால்வாசிச் சூடு" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். அந்த முறை பலகை இளஞ்சூடாகியதோடு நின்றது. அதன் பொருள் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

திரும்பும் வழியில், காரில், அக்கா சொன்னார். "அவ அணைச்சிட்டுப் போனன் எண்டது பொய்."

நான் சினந்தேன். "அக்கா, நீங்க அத மன்றில சொன்னா என் கட்சிக்காரி பொய்க்காரி ஆகிடுவா. மூட்டு பிழைன்னு மட்டும் சொல்லுங்களேன். சுவிட்சப் பத்தி கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியுமே. சுவிட்சை அணைச்சிருந்தா அவவின்ர அழுத்தியால கரண்ட் ஓடாது. கரண்ட் சைபர் எண்டா, எத்தினையால பெருக்கினாலும் சைபர்தான். அந்த மூட்டு எரியிற அளவுக்குச் சுட்டிருக்காது. மூட்டு எரிஞ்சதும் உண்மை, அவ அணைச்சதும் உண்மை எண்டு ரெண்டையும் என்னால சொல்லேலாது. நீங்கள் எதை வேணுமெண்டு சொல்லுங்கோ."

அன்று நான் அவரை வீட்டில் இறக்கிவிட்டு, விடைபெறாமல் வந்தேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றக் கூட்டி வந்தவர், அவளைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்றே எனக்குப் பட்டது. ஆனாலும் இரண்டு நாளில் அவரே என் அலுவலகத்துக்கு வந்தார். பரமேஸ்வரியை வரச் சொல்லும்படி கேட்டார். அவள் வந்தாள். அக்கா அவளிடம் அந்த மாடியில் என்ன செய்தார், என்ன கண்டார் என்பதை ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "இப்ப நீங்கள் சொல்லுங்கோ, அம்மா" என்றார்.

பரமேஸ்வரி வாய் திறக்கவில்லை. நான் இடையில் பேசப் போனேன். அக்கா கையால் என்னைத் தடுத்தார். சுவரிலிருந்த மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் அவசரம் இல்லை. நெடுநேரத்துக்குப் பிறகு பரமேஸ்வரி அழ ஆரம்பித்தாள்.

"அணைக்கலங்க. மொதலாளி கத்துனாரு, ஓடிட்டேன். நிமிர்த்தித்தான் வச்சேன், சாமி சத்தியமா நிமிர்த்தித்தான் வச்சேன். பொலிஸ்ல கேட்டப்ப பயத்துல அணைச்சிட்டேன்னு சொல்லிட்டேன். என்னாலதானே சித்ரா செத்தா? நெசத்தச் சொல்லுங்க மிஸ்."

"அந்த மூட்டாலதான் செத்தவ" என்றார் அக்கா. "அதை நீங்கள் காணேல்லை. காணேலாத இடத்தில வைச்சிருந்தவை. ஆனா நீங்கள் அணைக்கேல்லை எண்டதை நீங்களே சொல்லவேணும். நான் சொல்லி வெளியில வரப்படாது."

பிறகுதான் அந்த ஐந்து அம்பியரின் கதையைச் சொன்னார். ஓர் அழுத்தி மட்டும் ஓடியிருந்தால் மூட்டில் இருபது வாட்தான். தீ வரும் அளவுக்குச் சூடு ஏற இரண்டும் ஓடியிருக்க வேண்டும். ஒட்டிப்போன இரண்டு சுவிட்சுகளும் அதைத்தான் காட்டின. மற்றது சித்ராவின் அழுத்தி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழக்குக்கு இது பெரிய பலம். ஆனால் பரமேஸ்வரி சட்டென்று அக்காவின் கையைப் பிடித்தாள்.

"மிஸ், சித்ராவப் பத்திப் பேச வேணாம். அவங்கம்மா ஒவ்வொரு தவணைக்கும் வந்து ஒக்காந்திருக்காங்க. செத்தவ மேல பழி போட்டு நான் தப்பிக்கணுமா? வேணாங்க."

அக்கா யோசித்தார். "கேட்டா சொல்லுவன். கேக்காட்டி நானா எடுக்கமாட்டன்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்களும் கேக்கக்கூடாது, லோயர் பிள்ளை" என்றார். நான் தலையாட்டினேன்.

வழக்குத் தவணையன்று முதலில் பரமேஸ்வரி சாட்சிக் கூண்டில் ஏறி, தான் அழுத்தியை அணைக்கவில்லை என்றும், பொலிஸில் பயத்தால் பொய் சொன்னதாகவும் சொன்னாள். மன்றின் பின்வரிசையில் இருந்த சித்ராவின் தாய் தெய்வானை எழுந்துவிட்டார். "அப்ப நீதானடி! நீதான் எம்புள்ளைய கொன்ன!" என்ற குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவரை வெளியே கொண்டுபோகாமல் பக்கத்தில் இருந்த பெண்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அடுத்து அக்கா. மன்றில் பேச்சு சிங்களத்தில் நடந்தது. பரமேஸ்வரிக்கும் தெய்வானைக்கும் விளங்க உரைபெயர்ப்பாளர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் இங்கே தமிழில் தருகிறேன். வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி திறமையாகத்தான் கேட்டார்.

"வயரில் பிழையென்றால் பியூஸ் போயிருக்க வேண்டாமா?"

"பியூஸ், அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வந்தால்தான் போகும். அது பதினைந்து அம்பியருக்கானது. ஓடியது பத்து. மூட்டில் தடை கூடும்போது மின்னோட்டம் சற்றுக் குறையத்தான் செய்யும். பியூஸுக்கு எந்தக் குறையும் தெரிந்திராது."

"எட்டு வோல்ட் என்கிறீர்கள். விளையாட்டுச் சாமான்களில் போடும் பற்றறிகூட அவ்வளவு இருக்கும். அதனால் ஒரு கட்டடம் எரியுமா?"

"அந்தப் பற்றறியால் பத்து அம்பியர் கொடுக்க முடியாது. இங்கே எட்டு வோல்ட்டோடு பத்து அம்பியர் சேர்ந்தது. எண்பது வாட். பழைய நாற்பது வாட் மின்குமிழ் எரியும்போது அதைக் கையால் பிடித்துப் பாருங்கள். அப்படி இரண்டு குமிழ்களின் வலு, ஒரு கட்டைவிரல் அளவு இடத்தில், உலர்ந்த பலகைக்குப் பின்னால், காற்றோட்டம் இல்லாமல், நாள் முழுவதும்."

"எரிந்த மூட்டை அளந்தீர்களா?"

"இல்லை. அளப்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே வயரில், அதே ஆள், அதே நாளில் போட்ட மற்றதைத்தான் அளந்தேன். எரிந்ததும் அப்படியே இருந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அங்கே செம்பு உருகிக் கிடந்தது. மேசையின் மேற்பலகை சுவர்ப்பக்கமிருந்துதான் எரிந்து வந்திருந்தது. அவ்வளவும்தான் என்னால் சொல்லக்கூடியது."

"மின்னழுத்தி ஓடிக்கொண்டிருந்ததா?"

"இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன."

அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 'இரண்டும்' என்ற அந்தச் சொல்லை அவர் கவனிக்கவில்லை. நீதவானும் கேட்கவில்லை. நானும் வாக்குக் கொடுத்தபடி எழும்பவில்லை. அழுத்தியைச் செருகுவதற்கென்றே வைக்கப்பட்ட இடத்தில் அழுத்தியைச் செருகி வேலை செய்தது குற்றமா என்பதை மட்டும் என் தொகுப்புரையில் வைத்தேன்.

மன்று கலைந்து நாங்கள் வெளியே படிகளில் இறங்கும்போது, தெய்வானை வழியை மறித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"ரெண்டுன்னு சொன்னீங்களே. இன்னொண்ணு யாருது?"

பரமேஸ்வரி எனக்குப் பின்னால் நின்றாள். "மிஸ்" என்றாள், மெதுவாக. அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை. தெய்வானையைப் பார்த்தபடி சொன்னார்:

"உங்கட மகளின்ர."

"அவளும் அணைக்கலையா?"

"இல்லை, அம்மா."

தெய்வானை படியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவும் அவருக்குப் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தார். வீதியில் பஸ்களின் இரைச்சல். தெய்வானை நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அணைச்சிருந்தா எம்புள்ள இருந்திருக்குமா?"

நான் நினைத்தேன், இப்போதாவது ஒரு ஆறுதல் வார்த்தை சொல்வார் என்று. அக்கா, "ஓம், அம்மா. அண்டைக்கு இருந்திருப்பா" என்றார். தெய்வானையின் தோள்கள் குலுங்கின. அக்கா பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார். "ஆனா அந்த மூட்டு அப்பிடியே இருந்திருக்கும். அடுத்த நாள் காலமையும் ரெண்டு அழுத்தியையும் போட்டு வேலை செய்யத்தானே வேணும்? அது எண்டைக்கோ ஒருநாள் எரிஞ்சுதான் இருக்கும். அண்டைக்குப் பின்னறையில ஆர் நிண்டிருப்பினம் எண்டு எனக்குத் தெரியாது. இவவா இருக்கலாம். உங்கட மகள் பிழை செய்யேல்லை, அம்மா. வேலை செய்துகொண்டிருந்தவ. இவவும் அப்பிடித்தான்."

எழும்பும்போது தெய்வானை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த முடிச்சப் போட்டது யாரு?"

பரமேஸ்வரி விடுவிக்கப்பட்டாள். உரிமையாளர்மீது வேறாக வழக்கு வந்தது, தண்டனையும் வந்தது. அது போதுமா என்று தெய்வானையிடம் கேட்க எங்களில் யாருக்கும் துணிவு இருக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் தெய்வானை பரமேஸ்வரியோடு பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பரமேஸ்வரி சொல்லி அழுவாள். "கணக்கு விளங்கினா மனம் ஆறும் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை" என்பார் அக்கா.

சித்ராவின் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு ஒருநாள், அக்கா தெய்வானையின் லயத்துக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். போன கையோடு, "உங்கட வயர்களை ஒருக்கா பாக்கலாமோ?" என்று கேட்டார். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. மகளை இழந்த வீட்டில் முதல் பேச்சு இதுவா? தெய்வானை நெடுநேரம் வாசலிலேயே நின்றார். பிறகு விலகி வழிவிட்டார். அக்கா சுவர் சுவராகப் பார்த்து, இரண்டு மூட்டுகளைப் பிரித்து, பித்தளைத் திருகிணைப்பு வைத்து இறுக்கி, அளந்து, ஒவ்வோர் எண்ணையும் தெய்வானைக்குக் காட்டினார். தெய்வானை எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறுதியில், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அதன் பிறகு அந்த வீட்டுக்கும் அக்காவுக்கும் போக்குவரத்து நிற்கவில்லை.

அக்கா பிழைவிடாதவர் என்று யாரும் எழுதக்கூடாது. அதை அவரே விரும்பமாட்டார். கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரியின் மின்னடுப்பைத் தடை சரியில்லை என்று சொல்லி ஒருநாள் நிறுத்த வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அவருடைய மீற்றரின் பற்றறிதான் இறங்கிப்போயிருந்தது. மறுநாள் காலை, பாண் வாங்க வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "பிழை என்ர. அடுப்பில ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு பாண் கொடுத்ததாகவும், அது சூடாக இருந்ததாகவும் அக்கா எனக்குச் சொன்னார். கோபம் வந்தால் சொற்களை அளக்க மாட்டார். பல நல்ல காரியங்கள் அந்த வாயால் கெட்டதும் உண்டு. சிவபாலன் அண்ணர் பின்னாலேயே போய்ச் சமாதானம் செய்வார்.

இறுதி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது நன்றாக மெலிந்திருந்தார். பேசினால் மூச்சு வாங்கியது. மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "இதயம் ரத்தம் தள்ளுற அளவு குறைஞ்சு போச்சாம். எத்தினை வீதம் எண்டும் சொன்னவர். நல்லவர், ஒளிக்கேல்லை" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அதைக் கண்டுவிட்டு, "இலக்கம் தெரிஞ்சா பயம் குறையும், பிள்ளை. தெரியாமக் கிடக்கிறதுதான் பொல்லாதது" என்றார். அன்று தெய்வானையும் கஞ்சியோடு வந்திருந்தார். அவர் போன பிறகு அக்கா, "பரமேஸ்வரி காலமை வந்தவ. ரெண்டு பேரும் வேற வேற நேரமாத்தான் வருகினம்" என்றார்.

அவருடைய வீட்டில், இறுதிக் கிரியை நாளன்று, கூடமும் முற்றமும் நிறைந்திருந்தன. பொறியியலாளர்கள் வந்திருந்தார்கள். ஹாஜியார் தன் மகனோடு வந்து வெளியே கதிரையில் இருந்தார். பேக்கரிக்காரர் வந்திருந்தார். என் பெரியப்பாவும் வந்திருந்தார். உள்ளே பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தெய்வானை தலைமாட்டுப் பக்கமாக இருந்தார். பரமேஸ்வரி வாசலில் வந்து, அவரைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள். போகவும் இல்லை, வரவும் இல்லை. மற்றவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

தெய்வானை தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு தன் சேலையை ஒதுக்கிக்கொண்டு பாயில் கொஞ்சம் நகர்ந்தார்.

"ஏன் புள்ள அங்கனயே நிக்கிற? வந்து ஒக்காரு."

பரமேஸ்வரி வந்து உட்கார்ந்தாள். சிறிது நேரத்துக்குப் பின் தெய்வானை, "எம்புள்ள ஒன்னயத்தான் அக்கான்னு சொல்லும்" என்றார். பரமேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். உடலை எடுக்கும்வரை அவர்கள் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தார்கள்.

யோகராணி அக்கா, இது உங்கள் காதில் விழாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்களை அறிந்தவர்கள் முன்னால் சொல்கிறேன். உங்கள் மீற்றரை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணர். நான் அதைப் பாவிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். என்னிடம் இருப்பது வேறு. சென்ற கிழமை விளக்கமறியலில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். அவளுடைய கதையில் ஓர் இடம் ஒட்டவில்லை. முன்பென்றால் அந்த இடத்தைக் கேட்காமலே தாண்டியிருப்பேன். "அந்த எடத்த மறுபடி சொல்லும்மா" என்றேன். அவள் வாய் திறக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வேறு கேள்வி போடவில்லை, அவளுக்குப் பதிலாக நானே பதில் சொல்லவும் இல்லை. ஒரு மனிதர் உண்மையைச் சொல்லத் தயாராகும்வரை பக்கத்தில் இருக்கும் அந்தப் பொறுமையை உங்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். நேரம் எடுத்தது. அவள் சொன்னாள்.